ஐம்பது கட்டில் வேண்டாம், பத்து வாடகை வீடு எடுங்கள்

சாலையோரம் மனநலம் பாதித்துத் திரிந்த ஒருவருக்கு முடிவெட்டி, குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டுவிட்டு முன்-பின் படம் போட்டால் லைக் குவிகிறது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதமின்றி ஊடகங்களில் வெளியிட 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை போடுகிறது. அதை விடுங்கள். ஒரு வருஷம் கழித்து அவர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் கொண்டுபோய்ச் சேர்த்த அதே காப்பகத்தில், இல்லையென்றால் வேறொரு பேருந்து நிலையத்தில்.

மீட்பது எப்படி என்பதைச் சட்டத்தின் 100-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் திரிபவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடுவதும் அந்த நிலைய அதிகாரியின் கடமை. இந்த எஃப்.ஐ.ஆர்.தான் வழக்கமாக விடுபடும். ஆர்வலர்கள் வேனில் ஏற்றி நேராகக் காப்பகத்தில் விட்டுவிடுவார்கள். காகிதத்தில் அந்த மனிதர் எங்குமே இருக்க மாட்டார்.

முதல் சில வாரம் மனநோயைவிட உடம்புதான் பெரிய வேலை. ரத்தசோகை, சிரங்கு, புழுவைத்த புண், காசநோய் எல்லாம் பார்க்க வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தவருக்குப் பாவம் பார்த்து ஒரே வேளையில் வயிறுமுட்டச் சோறு போடுவது உயிருக்கே ஆபத்து. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உணவு என்பதுதான் முறை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து நடக்கும் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களுக்கு இந்தக் கட்டத்தில் பெரிய பங்கு உண்டு.

அடுத்தது ஊர் திரும்புதல். பெயரையும் ஊரையும் சொல்ல முடியாதவர்களுக்கு ஆதார் பதியப் போனால் சில சமயம் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், கைரேகைப்படி ஏற்கெனவே ஆதார் இருப்பதாக. வருத்தப்பட வேண்டாம், பழைய முகவரி கிடைக்க அது ஒரு வழி. ஆனால் வீடு தெரிந்துவிட்டது என்று ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து ரயிலேற்றிவிடுகிறார்களே, அங்கேதான் தப்பு. ஊரில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார், இதே மருந்து அங்கே ஸ்டாக் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் அங்கே கிடைக்கும் மருந்துக்கு இங்கேயே மாற்றி, ஒத்துப்போகிறதா பார்த்து அனுப்ப வேண்டும். இரண்டாவது மாதம் மாத்திரை தீரும்போது முடிகிறது பல குடும்ப இணைப்புகளின் கதை.

திரும்பிப் போக வீடில்லாதவர்கள், போக விரும்பாதவர்கள் மிச்சம். குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 19-வது பிரிவு. ஆதரவுடன் கூடிய தங்குமிடம் ஏற்படுத்துவது அரசின் பொறுப்பு என்கிறது 18. அது எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சென்னையில் தி பேன்யன் அமைப்பு 2015-ல் தொடங்கிய 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை, 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டி நூலில் முன்மாதிரிகளில் ஒன்றாக எடுத்துக் காட்டியிருக்கிறது. சாதாரணத் தெருவில் வாடகை வீடு, நாலைந்து பேர், துணைக்கு ஒரு உதவியாளர். அவ்வளவுதான்.

'அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டேன், நடத்துவது எளிதல்ல. பஸ் நிறுத்தம், மளிகைக்கடை, அரசு மருத்துவமனை மூன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே வாடகை மலிவு என்று போனால் அது இன்னொரு காப்பகம். வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. மறைத்தால் முதல் கூச்சலிலேயே காலி பண்ணச் சொல்வார். யார் யாரோடு இருப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். சாவி அவர்கள் கையில் இருக்க வேண்டும், அடுப்பும்தான்.

பெரும்பாலும் கெடுவது உதவியாளர் விஷயத்தில். சமையல், கடை, பணம் எல்லாவற்றையும் அவரே செய்ய ஆரம்பித்தால் மற்ற ஐந்து பேரும் சுவரோரம் உட்கார்ந்துவிடுவார்கள், வீடு வார்டாகிவிடும். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய மருத்துவமும் கொஞ்சம் உண்டு. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சித்திரை வெயிலில் வாந்தி-பேதி வந்தாலோ, மூட்டுவலிக்கென்று ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டாலோ ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் அதிகமாகி நடை தள்ளாடினால் அன்றைக்கே மருத்துவமனை. மனச்சிதைவு நோய்க்குக் குளோசபின் மாத்திரை சாப்பிடுபவருக்குக் காய்ச்சல், தொண்டைவலி என்றால் ரத்த அணுப் பரிசோதனை; மலச்சிக்கலையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பீடியைத் திடீரென்று நிறுத்தினாலும் குளோசபின் அளவு கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

அரசு உதவித்தொகையில் இன்னொரு சிக்கல். மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைந்தது 40 சதவீத பாதிப்பு வேண்டும். சுயபராமரிப்பு, பிறரோடு பழகுவது, பேச்சு, வேலை என்று மதிப்பெண் போடுவார்கள். ஒருவர் தேறத் தேறச் சதவீதம் குறையும். தேறியதற்குத் தண்டனையாகத் தொகை நிற்கும்.

வீடு கொடுத்தால் நோய் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் வீடற்ற மனநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், முதல் வேலையாக வீடு கொடுக்கப்பட்டவர்கள் வீட்டில் நிலைத்தது வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களைவிட மிக அதிகம். நோய்க்குறிகளில் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. தெருவுக்குத் திரும்பாமல் இருப்பதே எனக்குப் போதுமான காரணம்.

ஆனால் நன்கொடை கட்டடத்துக்குத்தான் வருகிறது. வாடகை வீட்டில் கல்வெட்டு வைக்க முடியாதே! நம் ஆட்களுக்கு 'உபயம்' எழுத ஒரு டியூப்லைட்டாவது வேண்டும். கொடுக்க நினைப்பவர்கள் ஒரு வீட்டின் மூன்று வருட வாடகையையும் உதவியாளர் சம்பளத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன், உதவியாளர் லீவு போட்டால் மாற்று ஆள் யார் என்று அந்த அமைப்பைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் முதல் பணம் அந்த மாற்று ஆளுக்குப் போகட்டும்.