சூப்பர் பவுல் கணிப்பும் நாம் பார்க்க மறக்கும் முன்வரிசையும்

ஒவ்வோர் ஆண்டும், அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் வெளிவரும் கணிப்புகளில் பெரும்பாலானவை, இரு அணிகளிலும் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகளில் யார் சிறந்தவர் என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே வருகின்றன. பந்தை எறிபவரைக் காத்து நிற்கும் ஐந்து தடுப்பாளர்களையும், அவர்களைத் தள்ளிக்கொண்டு பாயும் எதிரணி முன்வரிசையையும் எடைபோடாமல் சொல்லப்படும் எந்தக் கணிப்பையும் நான் நம்புவதில்லை. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும், எறிவதற்கு முன்பே தரையில் வீழ்த்தப்பட்டால் அவரது கைத்திறனால் என்ன பயன்?

2008 பிப்ரவரி 3 அன்று அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த சூப்பர் பவுல் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அதுவரை ஆடிய 18 ஆட்டங்களிலும் வென்றிருந்தது. வழக்கமான பருவத்தில் மட்டும் 589 புள்ளிகள் குவித்து அன்றைய சாதனையைப் படைத்திருந்தது. பந்தயச் சந்தையும் அந்த அணி ஏறத்தாழ 12 புள்ளிகள் வித்தியாசத்தில் வெல்லும் என்றே மதிப்பிட்டிருந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸின் பிளாக்சிகோ பர்ரஸ், தம் அணி 23-17 என்ற கணக்கில் வெல்லும் என்று சொன்னபோது, நாங்கள் வெறும் 17 புள்ளிகள்தான் எடுப்போமா என்று பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி சிரித்துக்கொண்டே கேட்டார். ஆட்ட முடிவில் அவரது அணி எடுத்திருந்தது 14. ஜயன்ட்ஸ் எடுத்திருந்தது 17. ஜயன்ட்ஸின் டேவிட் டைரி பந்தைத் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்த காட்சியைத்தான் எல்லோரும் இன்றுவரை பேசுகிறார்கள். ஆனால் மைக்கேல் ஸ்ட்ரேஹன், ஜஸ்டின் டக் ஆகியோரைக் கொண்ட முன்வரிசை பிரேடியை ஐந்து முறை வீழ்த்தியிராவிட்டால் அந்தக் காட்சிக்கே இடமிருந்திருக்காது. இது திடீரென்று நடந்ததுமல்ல. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகமாக 53 முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை வீழ்த்திய அணி ஜயன்ட்ஸ்தான். டிசம்பர் 29 அன்று அதே பேட்ரியட்ஸிடம் 38-35 என்று மூன்றே புள்ளிகளில் தோற்றிருந்த அணியும் அதுதான்.

2021இல் டாம்பாவில் நடந்த சூப்பர் பவுலில் இதைவிடத் தெளிவான சான்று கிடைத்தது. கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் இடப்புறத் தடுப்பாளர் எரிக் ஃபிஷர் அரையிறுதியில் குதிகால் தசைநார் அறுந்து வெளியேறியிருந்தார். வலப்புறத் தடுப்பாளர் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகுக் காயத்தால் ஏற்கெனவே ஆடாமலிருந்தார். அப்படியிருந்தும் குவார்ட்டர்பேக்காகப் பேட்ரிக் மஹோம்ஸ் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகச் சீஃப்ஸே வெல்லும் என்று பலரும் எழுதினார்கள். அன்று மஹோம்ஸ் ஓடிக்கொண்டே இருந்தார். கடைசிக் கால்பகுதியில், உடல் தரைக்கு இணையாகக் கிடையாக விழும் நிலையில் அவர் எறிந்த பந்து, சக வீரரின் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்தது. அந்த நிலையிலும் பந்தை இலக்குக்கு அனுப்பிய ஒருவரைத் திறமையற்றவர் என்று யார் சொல்ல முடியும்? ஆனாலும் சீஃப்ஸ் பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்லும் டச்டவுன் ஒன்றைக்கூட எடுக்க முடியாமல் 31-9 என்று தோற்றது.

இதற்கு எதிராக 2023ஆம் ஆண்டு ஆட்டத்தைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். பருவம் முழுவதும் 70 முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை வீழ்த்திய ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், அந்த இறுதிப்போட்டியில் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்த முடியாமல் 38-35 என்று தோற்றது. டாம்பா தோல்விக்குப் பிறகு ஜோ தூனி, ஆர்லாண்டோ பிரவுன், கிரீட் ஹம்ஃப்ரி, டிரே ஸ்மித் என்று சீஃப்ஸ் தன் முன்வரிசையையே புதிதாகக் கட்டியிருந்தது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஈகிள்ஸின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் தவறவிட்ட பந்தைச் சீஃப்ஸின் நிக் போல்டன் எடுத்துச் சென்று டச்டவுன் ஆக்கியது போன்ற திருப்பங்களை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதையும் நான் மறுக்கவில்லை.

2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் அதே இரு அணிகள் மீண்டும் மோதின. சீஃப்ஸுக்குத் தொடர்ந்து மூன்றாவது பட்டம் என்ற பேச்சே எங்கும் நிறைந்திருந்தது. சீஃப்ஸுக்கே சற்று அதிக வாய்ப்பு என்று சந்தையும் சொன்னது. ஆனால் சீஃப்ஸின் இடப்புறத் தடுப்பாளர் இடத்தில், உட்புறத்தில் ஆடிப் பழகிய ஜோ தூனியே சில வாரங்களாக நின்றுகொண்டிருந்தார். ஈகிள்ஸின் பாதுகாப்புப் பயிற்சியாளர் விக் ஃபேஞ்சியோ ஒருமுறைகூடக் கூடுதல் ஆட்களைப் பாயவிடவில்லை. முன்வரிசை வீரர்களே போதுமானதாக இருந்ததால், மற்றவர்கள் அனைவரும் பந்து செல்லும் வழிகளை அடைத்து நின்றார்கள். இடைவேளையில் 24-0. மஹோம்ஸ் ஆறு முறை வீழ்த்தப்பட, ஈகிள்ஸ் 40-22 என்று வென்றது. ஆட்டத்துக்கு முன் சீஃப்ஸைத் தேர்ந்தெடுத்தவர்களில் எத்தனை பேர் தூனி எங்கே நிற்கிறார் என்று பார்த்தார்கள்?