முன் இருக்கைக்காக நான் சோப்புப் போடவில்லை

நேற்று இரவு எங்கள் பயணக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்த அந்த ஒற்றை வரியையும், அதற்குக் கீழே வரிசையாக வந்து விழுந்த சிரிப்புக் குறிகளையும் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள், பயணத்தின்போது இந்தப் பக்கத்தில் நான் எழுதிவந்த குறிப்புகளில் 'முன் இருக்கைக்காரர்' என்று யாரைச் சொன்னேன் என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் போதும்: பேருந்தின் முன் இருக்கையை யாருக்கும் விடாமல், யாரோடும் பேசாமல் வந்த சக பயணி அவர். அவருக்குச் 'சோப்புப் போட்டு இடம் பிடித்தேன்' என்பதுதான் என்மீதான குற்றச்சாட்டு. எழுதியவர் வேடிக்கைக்காக எழுதியிருக்கலாம். வேடிக்கைக்குச் சிரிக்க எனக்கும் தெரியும். ஆனால் ஒரே பேருந்தில் ஒன்றாக வந்தவர்கள், நடந்ததை எல்லாம் நேரில் கண்டவர்கள், அதற்குச் சிரித்ததை என்னால் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

முகம் கொடுத்துப் பேசாத ஒருவரோடு பழக்கம் ஏற்படுத்திக்கொள்வதும் அவருக்குச் சோப்புப் போடுவதும் ஒன்றல்ல. சோப்புப் போடுகிறவர் புகழ்வார். இல்லாத பெருமையை இருப்பதாகச் சொல்வார். எதிராளி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவார். நான் அந்த மனிதரை ஒருமுறைகூடப் புகழ்ந்ததில்லை. அவர் சொன்னதை மறுத்துப் பேசியதுண்டு. அதைக் கேட்டவர்களும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்களும் சிரித்திருக்கிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்தேன்.

அவரை நல்லவராகக் காட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்லமாட்டார். பேருந்துப் பயணங்களில் நாள்தோறும் இருக்கைகளை மாற்றிக்கொள்வது பல ஏற்பாட்டாளர்கள் கடைப்பிடிக்கும் நல்ல முறை; அதை முதல் நாளே மறுத்துவிட்டு முன் இருக்கையில் பையை வைத்துக்கொண்டவர் அவர். யாராவது இரண்டு நிமிடம் தாமதமாக ஏறினால், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவர்களை ஒரு பார்வை பார்ப்பார். குழுப் படம் எடுக்கும்போது ஒதுங்கி நிற்பார். இவை எல்லாம் உண்மை. எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஆனால் அவரைச் சேர்த்துக்கொள்ள நாம் செய்த முயற்சிகள் எப்படிப்பட்டவை என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். "வாங்க சார், நீங்களும் ஒரு பாட்டுப் பாடுங்க" என்று ஒலிவாங்கியை அவர் முகத்துக்கு நேராக நீட்டினோம். எல்லோரும் கைதட்டி அவர் பெயரைச் சொல்லிக் கூவினோம். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டபோது, "பார்த்தீர்களா, எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் வரமாட்டார்" என்று முடிவுகட்டினோம். பேச விரும்பாத ஒருவரை ஒரு பேருந்து நிறையப் பேர் ஒரே நேரத்தில் பார்க்கும்படி செய்துவிட்டு, அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டோம். அவருக்கு அது அன்பாகத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

குழுப் பயணம் என்றாலே எல்லோரும் ஒட்டி உறவாட வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. குழுப் பயணங்களின் முன்னோடி தாமஸ் குக் 1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றாரே, அவர்கள் ஒரு மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போனவர்கள். ஏறும்போதே அவர்களுக்குள் பொதுவான நோக்கம் ஒன்று இருந்தது. நமக்குள் பொதுவாக இருந்தது ஒரே நிறுவனத்துக்குக் கட்டிய பணம் மட்டும்தான். அந்தப் பணம் இருக்கைக்கும் அறைக்கும் வழிகாட்டிக்கும் கட்டியது. சிரித்த முகத்தோடு இருப்பேன் என்று அவர் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

அருகருகே இருந்தால் பழக்கம் தானாக வந்துவிடும் என்பதும் பாதி உண்மைதான். 1976-இல் எப்பசன் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கலிபோர்னியாவில் ஒரு குடியிருப்பு வளாகத்தில் வசித்தவர்களிடம் யாரைப் பிடிக்கும், யாரைப் பிடிக்காது என்று கேட்டுப் பார்த்தார்கள். பிடித்தவர்கள் அருகில் வசித்தார்கள். பிடிக்காதவர்கள் அதைவிடவும் அருகில் வசித்தார்கள். பக்கத்தில் இருப்பவர்தானே நம் அமைதியைக் கெடுக்க முடியும்? சாய்ந்த இருக்கையும், சத்தமாக ஓடும் கைப்பேசியும், காலைத் தாமதமும் நாள் முழுக்கக் கூடவே வரும் ஒரு பேருந்தில் இது இன்னும் எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, நான் செய்ததுதான் என்ன? அந்த அருங்காட்சியகத்தில் நீங்கள் எல்லோரும் படம் எடுத்து முடித்து வெளியே போய்விட்டீர்கள். அவர் மட்டும் ஒவ்வொரு விளக்கப் பலகையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக்கொண்டு நின்றார். அதற்காகத்தான் அவருக்கு எப்போதும் நேரம் போதாமல் இருந்தது என்பதும், நம் தாமதம் அவருக்கு ஏன் அவ்வளவு எரிச்சலூட்டியது என்பதும் அங்கேதான் எனக்குப் புரிந்தது. நாம் தேநீருக்கு எடுத்துக்கொண்ட கூடுதல் நேரம் ஒவ்வொன்றும் அவருடைய பலகைகளிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. என் மூக்குக்கண்ணாடி பேருந்தில் இருந்தது. கடைசிப் பத்தியில் எழுத்து மிகச் சிறியது. "சார், இந்தக் கடைசி நான்கு வரியை எனக்குப் படித்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். படித்துச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரை உட்கார வைத்து ஊர் எது, பிள்ளைகள் எத்தனை பேர் என்று விசாரிக்கவில்லை. மறுநாள் வேறோர் இடத்தில், நான் கேட்காமலே, "இங்கே ஒரு தவறான ஆண்டு போட்டிருக்கிறார்கள், பாருங்கள்" என்றார். அவர் சொன்னதுதான் தவறு என்று எனக்குத் தோன்றியது. அதையும் அவரிடமே சொன்னேன். நெடுநேரம் வாதிட்டோம். சோப்புப் போடுகிற யாராவது இப்படி வாதிடுவார்களா என்று நீங்களே சொல்லுங்கள்.

இது ஒன்றும் நான் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளின் பென்சில்வேனியா சட்டமன்றத்தின் எழுத்தராக 1736-இல் தேர்வானார். அடுத்த ஆண்டு புதிய உறுப்பினர் ஒருவர் அவருக்கு எதிராக நீண்ட உரை நிகழ்த்தினார். அந்த உறுப்பினரிடம் அரிய நூல் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்ட பிராங்க்ளின், அதைச் சில நாட்களுக்கு இரவல் கேட்டுக் கடிதம் எழுதினார். நூல் உடனே வந்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு அதைத் திருப்பி அனுப்பினார். அதுவரை அவரிடம் பேசியே இராத அந்த மனிதர், அடுத்தமுறை சபையில் கண்டபோது தாமாக வந்து மரியாதையோடு பேசினாராம். சாகும்வரை நண்பர்களாக இருந்தார்களாம். இதைத் தன்வரலாற்றில் எழுதும்போது பிராங்க்ளின் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: அடிமைபோல் பணிந்து அந்த மனிதரின் தயவைப் பெற அவர் முயலவில்லை. சிரித்தவர்கள் அந்த இடத்தை ஒருமுறை படிக்கலாம்.

1969-இல் ஜெக்கர், லாண்டி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் இதையே சோதித்துப் பார்த்தார்கள். ஒரு போட்டியில் பணம் வென்றவர்களில் சிலரிடம், "இது என் சொந்தப் பணம், திருப்பித் தந்து உதவ முடியுமா?" என்று ஆய்வாளரே நேரில் கேட்டார். அப்படிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட அந்த ஆய்வாளரை அதிகம் பிடித்திருந்தது. உதவி செய்தவருக்கும் நெருக்கம் கூடுகிறது. நாமோ அந்த மனிதருக்கு மிட்டாய் நீட்டினோம், குடை நீட்டினோம், ஒலிவாங்கி நீட்டினோம். அவரிடமிருந்து எதையும் கேட்கவில்லை.

"அப்படியானால் நீங்கள் திட்டம் போட்டுத்தானே செய்தீர்கள்?" என்று யாராவது கேட்பீர்கள். கண்ணாடியைப் பேருந்தில் விட்டுவிட்டு வருவதற்கு யாரும் திட்டம் போடுவதில்லை. அப்படியே திட்டம் போட்டிருந்தாலும் அதில் என்ன கேடு? வருகிற எல்லோரையும் பார்த்து நீங்கள் புன்னகைப்பதும் ஒரு திட்டம்தான்.

"மரியாதை தெரியாதவரிடம் நாம் ஏன் இறங்கிப் போக வேண்டும்? இறங்கிப் போனால் அவர் செய்தது சரி என்றாகிவிடாதா?" என்பது இதைவிடக் கனமான கேள்வி, இதை நான் தள்ளிவிட மாட்டேன். இருக்கை மாற்ற மறுத்தது தவறு. அதைக் கண்டித்திருக்க வேண்டியவர் பயண ஒருங்கிணைப்பாளர். அது அவருடைய வேலை, அதற்கு அவருக்குச் சம்பளம் உண்டு. அவர் முதல் நாளே உறுதியாக நின்றிருந்தால் பாதிச் சிக்கல் எழுந்திருக்காது. அவர் நழுவியதால் அந்தக் கோபம் முழுவதும் பயணிகளுக்குள் சுற்றியது. ஒரு விதியை மீறியவரிடம் விதியைச் சொல்வது வேறு. அவரிடம் நாள் முழுவதும் மனிதராகப் பேசாமல் இருப்பது வேறு. முதலாவதைச் செய்யத் துணிவில்லாதவர்கள் இரண்டாவதைச் செய்தோம். நான் இறங்கிப் போகவில்லை. பக்கத்தில் நின்று நான்கு வரி படிக்கச் சொன்னேன்.

இனி அந்த முன் இருக்கை. ஆமாம், பிற்பாடு ஒரு நாள் அவர் தம் பையை எடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையை எனக்குக் கொடுத்தார். ஆமாம், பின்னால் உட்கார்ந்தால் மலைப் பாதையில் எனக்குத் தலைசுற்றும் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். முன்னால் உட்கார்ந்து தொலைவில் நிலையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு வந்தால் குமட்டல் குறையும் என்பது யாரும் சொல்லும் வைத்தியம். அதனால் நான் அந்த இருக்கைக்காகத்தான் பழகினேன் என்றால், அத்தனை நாள் பின்னால் உட்கார்ந்து முகத்தில் ஈரத் துணியைப் போட்டுக்கொண்டு வந்தேனே, அப்போது முன்னால் இருந்த மற்றவர்களில் யார் எனக்கு இடம் கொடுத்தீர்கள்? பாடல் குழுவில் முன்வரிசையில் இருந்தவர்களைத்தான் கேட்கிறேன். 'முகம் கொடுக்காதவர்' என்று நீங்கள் சொன்னவர்தான் கொடுத்தார்.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். "பாவம், அவருக்குள் ஏதோ பெரிய துயரம் இருந்திருக்கும், அதை நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள்" என்று தனிச்செய்தியில் நேற்றிலிருந்து கேட்கிறார்கள். அப்படி எதுவும் எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. துயரக் கதை ஒன்று கிடைத்தால்தான் ஒருவரை மன்னிப்போம் என்பது எனக்குப் பிடிக்காத பெருந்தன்மை. பேச்சு குறைந்தவராகப் பிறந்ததைத் தவிர அவருக்கு வேறு காரணமே இல்லாமலும் இருக்கலாம்.

பெட்டி நிகழ்ச்சியையும் மறந்துவிட்டீர்கள் போலும். விடுதி வாசலில் ஒரு பெட்டி குறைகிறது என்று முதலில் சொன்னவர் அவர்தான். நாள்தோறும் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார், நமக்குத்தான் தெரியாது. அன்றிலிருந்து பெட்டிகளை எண்ணும் பொறுப்பை அவரிடம் விடலாம் என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னது நான்தான். சமூக உளவியலாளர் முசாபர் ஷெரீப் 1954-இல் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு அணிகளாக்கி நடத்திய முகாம் ஆய்வில், பகையான அணிகளை ஒன்றாகச் சாப்பிட வைத்தும் படம் பார்க்க வைத்தும் பகை தீரவில்லை. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டபோதும், லாரி நின்றுபோனபோதும், எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை வந்த பிறகுதான் படிப்படியாகத் தணிந்தது. 'அது சிறுவர்களை வைத்துச் செய்த ஆய்வு' என்பீர்கள். நேற்றைய சிரிப்புக் குறிகளைப் பார்த்த பிறகு, அந்த வேறுபாட்டை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையில் எனக்கு வலிப்பது அந்த வரியை எழுதிய அண்ணன் அல்ல. அவர் எல்லோரையும் அப்படித்தான் பேசுவார். தலைசுற்றிய நாளில் என் பையிலிருந்து மாத்திரையைத் தேடி எடுத்துக் கொடுத்த அக்காவும் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார். நம் குழு 'ஒரு குடும்பம்போல்' ஆகிவிட்டது என்று எல்லோரும் பெருமையாக எழுதினோமே, அந்த நெருக்கத்தில் எவ்வளவு பங்கு அந்த ஒருவரைப் பற்றிப் பேசியதால் வந்தது என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். இரவுச் சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தோம். அவர் நடப்பதுபோல் ஒருவர் நடந்து காட்டினார். அறிமுகமே இல்லாதிருந்தவர்கள் அந்தச் சிரிப்பில்தான் நண்பர்களானார்கள். அவர் பேசத் தொடங்கிய பிறகு மேசையில் பேச்சு குறைந்தது. இப்போது பேசுவதற்கு நான் கிடைத்திருக்கிறேன்.

கடைசி நாள் அவர் தாமாகவே வந்து குழுப் படத்தில் நின்றார், வலது ஓரத்தில், எனக்குப் பக்கத்தில். நேற்று அந்த வரிக்கு மேலே வந்த படத்தில் வலது ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. என் தோளில் பாதியும் அதோடு போயிருக்கிறது. அளவு சரியாக வரவில்லை என்பதற்காக வெட்டியிருந்தால் நல்லது. முழுப் படத்தை அனுப்பச் சொல்லி அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். யார் கைப்பேசியில் இருக்கிறதோ அவர்கள் இன்றைக்குள் எனக்கு அனுப்பிவையுங்கள். குழுவில் போட வேண்டாம்.