எங்கள் வீட்டுக் குழாய் குழிக்குள் இருக்கிறது

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். கிராமத்து வீடுகளுக்கெல்லாம் குழாய் கொடுக்கிற மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் வாசலுக்குக் குழாய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆதார் நம்பரை எழுதிக்கொண்டு, அம்மாவைக் குழாய் பக்கத்தில் நிற்கவைத்து போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த போட்டோவில் குழாய் தரைக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஜம்மென்று நிற்கும். இப்போது தரைக்குக் கீழே இரண்டடியில் இருக்கிறது.

ஊர்ப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லவே வேண்டாம். எங்களுடையது தொட்டியிலிருந்து தள்ளி, மேட்டில் இருக்கிற தெரு. முன்தெருவில் பிடித்து முடிக்கும்வரை எங்களுக்குப் புஸ்ஸென்று காற்றுதான் வரும். ஒருவர் பைப்பை அறுத்து, குழி தோண்டித் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தார். வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட அரையடி கீழே தோண்டினார். அப்புறம் தெருவே பள்ளமாகிவிட்டது. எங்களுக்கும் அப்பால் காலனி. அங்கே குழிக்குள் இறங்கப் படியே வெட்டி வைத்திருக்கிறார்கள். தொட்டி ஊருக்குள்ளும் காலனி கடைக்கோடியிலும் அமைவது தற்செயலா என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.

அம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது. குழிக்குள் இறங்கி, சொம்பில் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்றுகிறார். போனில் நேரம் பார்த்தேன். ஒரு குடம் நிரம்ப ஆறு நிமிஷம்.

ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். வீட்டில் நாலு பேர் என்றால் 220 லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர் குடத்தில் ஏறக்குறைய 15 குடம். எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் வருகிறது. ஒரு மணி நேரத்தில் 10 குடம், அதுவும் இரண்டு நாளைக்கு. தேவை 30. இருந்தாலும் கணக்கில் நாங்கள் 'குழாய் பெற்ற வீடு'.

திட்டத்தைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்தபோது நாடு முழுவதும் கிராமங்களில் குழாய் இருந்த வீடுகள் சுமார் 3.23 கோடி. இப்போது 15 கோடியைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 22 லட்சத்தில் தொடங்கி ஒரு கோடிக்கு மேல் போய்விட்டது. தெருக்குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, சண்டையும் போட்டு, அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு ஓடியவள் நான். வாசலில் குழாய் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2024-க்குள் முடிப்பதாக இருந்ததை 2028 வரை நீட்டியிருக்கிறார்கள். சரி, நீட்டட்டும். ஆனால் அந்த வருஷங்களிலும் குழாயைத்தான் எண்ணிக்கொண்டிருக்கப் போகிறோமா?

குழிக்கு வருகிறேன். தண்ணீர் நின்றதும் பைப் காலியாகிவிடும். காலியான பைப் உறிஞ்சும். குழியில் தேங்கிய சோப்புத் தண்ணீரும் சாக்கடைக் கசிவும் அந்த வழியாக உள்ளே போய், அடுத்த முறை யார் வீட்டுக் குடத்திலோ வரும். இதில் சிலர் லைனிலேயே மோட்டாரைப் போட்டு இழுக்கிறார்கள். தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்று பிளீச்சிங் பவுடரை அளந்து கலந்தாலும் இந்த அழுக்குக்கு அது ஈடுகொடுக்காது. திறந்து போட்ட மூட்டையின் பவுடருக்கு வீரியமும் இருக்காது. வாசனை மட்டும் வரும்.

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு தலைவலி உண்டு. எங்கள் வயசுக்காரர்கள் வாயைத் திறந்து சிரித்தாலே எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துவிடும், பல்லில் அவ்வளவு காவி. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் ஃபுளோரைடு செய்கிற வேலை. லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. அதற்கு மேலே வருஷக்கணக்கில் குடித்தால் பல்லோடு நிற்காது, எலும்புக்கும் மூட்டுக்கும் போகும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும். இது தெரியாமல் அம்மா எத்தனை வருஷம் போர்வெல் தண்ணீரைப் பக்குவமாகக் காய்ச்சிக் கொடுத்தார் என்று நினைத்தால் என்னவோ போல் இருக்கிறது.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், ஜப்பான் கடனுதவி, 1,928 கோடி ரூபாய், 2013-இல் தண்ணீர். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஆத்துத்தண்ணி. அது குறைவாக வருகிற நாளில் போர் மோட்டாரைப் போட்டு, போர் தண்ணீரை அதே தொட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அவ்வளவு செலவு செய்து காவிரியைக் கொண்டுவந்து கடைசியில் அதே பாறைத் தண்ணீரோடு கலக்கிறோம். தண்ணீரைப் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி, ஒரு கிட் என்று ஜல் ஜீவன் திட்டத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் கிட் ஒரு பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

இத்தனையும் கடைசியில் ஒரே ஆளின் தலையில் விடிகிறது. எங்கள் ஊரில் தண்ணி விடுகிற அண்ணன். மூன்று தொட்டி, நாலு மோட்டார், ஒரு டிவிஎஸ் எக்ஸெல். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் போடுவார், தொட்டியில் ஏறிக் கழுவுவார், திட்டும் அவருக்குத்தான். இரண்டு மாதச் சம்பளம் பாக்கியாம். கோடிக்கணக்கில் பைப் புதைக்கக் காசிருக்கிறது, அந்தப் பைப்பில் தண்ணீர் விடுகிறவருக்கு ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்கக் காசில்லை. என் கோபமெல்லாம் இங்கேதான். நாமும் யோக்கியம் இல்லை. கேன் தண்ணீருக்குத் தயங்காமல் எடுத்து நீட்டுகிறோம். மாசம் முப்பது ரூபாய் தண்ணீர்க் கட்டணம் என்றால், “கவர்மெண்ட் தண்ணிக்கு எதுக்குக் காசு?”

அவரிடம் கேட்டேன், “அண்ணா, முன்தெருவுக்குத் தனியா வால்வு இல்லியா?”

“இருக்குது பாப்பா. ரோட்டோரம் மண்ணுக்கு அடியில கெடக்குது. ரோடு போட்டப்ப மூடிட்டாங்க.”

மாட்டுப்பொங்கல் அன்று சாயங்காலம் என் தம்பியும் அவரும் கடப்பாரை எடுத்துப்போய்த் தோண்டினார்கள். துருப்பிடித்திருந்தது, கொஞ்சம் எண்ணெய் விட்டதும் திரும்பியது. மறுநாள் காலையில் அதை அடைத்துவிட்டு, அரை மணி நேரம் எங்களுக்கும் காலனிக்கும் மட்டும் விட்டார். அதே தொட்டி, அதே தண்ணீர். குடம் இரண்டு நிமிஷத்தில் நிரம்பியது. அம்மா நம்பாமல் இன்னொரு குடத்தை வைத்துப் பார்த்தார்.

அன்று மத்தியானமே முன்தெருவிலிருந்து நாலு பேர் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், “எவனைக் கேட்டு வால்வைத் திருகினே” என்று. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அரை மணி கழித்து அவரே கூப்பிட்டு, குழிக்குள்ள இருந்தேன்டி என்றார்.