பின்னட்டையில் கதை எங்கே?

பத்து நாள் லீவு. பையில் மூன்று புத்தகத்துக்குத்தான் இடம். எதை எடுக்கலாம் என்று பின்னட்டையைத் திருப்பினால் கதையைப் பற்றி ஒரு வரி கிடையாது! 'கீழே வைக்கவே முடியாது', 'உலுக்கி எடுத்துவிடும்', 'இந்த ஆண்டின் தலைசிறந்த நாவல்'. எல்லாமே எப்படித் தலைசிறந்ததாகும்? யாருடைய கதை, எங்கே நடக்கிறது, என்ன சிக்கல் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்கிறவர்களோ கடைசித் திருப்பம்வரை போட்டு உடைத்துவிடுகிறார்கள். 1907-லேயே ஜெலட் பர்ஜெஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்த அளவுமீறிய புகழ்ச்சியைக் கிண்டலடித்துத்தான் பின்னட்டைப் புகழுரையைக் குறிக்கும் 'பிளர்ப்' என்ற ஆங்கிலச் சொல்லையே உண்டாக்கினார். நூறு வருஷம் தாண்டியும் திருந்தவில்லையே! போன லீவில் நம்பி எடுத்துப்போன 600 பக்க நாவல், 40-ஆம் பக்கத்தில் செருகிய ரயில் டிக்கெட்டோடு அப்படியே திரும்பி வந்தது. அந்த லீவை யார் திருப்பித் தருவார்கள்?