மறுக்க முடியாத விளம்பரம்

'அமெரிக்க பிரைமரி தேர்தல்களில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல்) வேட்பாளர்களின் பொய் விளம்பரங்களை உள்ளூர் டிவி நிலையங்கள் பணத்துக்காகவே வெட்டாமல் ஒளிபரப்புகின்றன' என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். பணத்தாசை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் வேட்பாளர் தன் பெயரில் தரும் விளம்பரத்தில் ஒரு சொல்லைக்கூட வெட்ட நிலையத்துக்கு உரிமை கிடையாது. தகவல் தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ நகர டபிள்யூடிஏஒய் நிலையம், 1956 செனட் தேர்தலில் ஒரு வேட்பாளரின் பேச்சை அப்படியே ஒளிபரப்பியது. பேச்சில் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தப்பட்ட விவசாயிகள் சங்கம் நிலையத்தின் மீதும் வழக்குப் போட்டது. வெட்ட முடியாதவரைத் தண்டிப்பதும் முடியாது என்று 1959இல் உச்ச நீதிமன்றம் நிலையத்தை விடுவித்தது. அதிபர் வேட்பாளர் என்றால் நேரம் ஒதுக்கவே மாட்டோம் என்றும் கைவிரிக்க முடியாது. போதாக்குறைக்கு, பிரைமரிக்கு முந்தைய 45 நாட்களில் வேட்பாளரிடம் மிகக் குறைந்த கட்டணம்தான் வாங்கலாம்.

கொள்ளை லாபம் சூப்பர் பேக் குழுக்களிடம், அதாவது வேட்பாளரைச் சாராமல் தனியே பணம் திரட்டிப் பிரசாரம் செய்யும் குழுக்களிடம். அவற்றுக்குக் கட்டண வரம்பு இல்லை. அவற்றின் விளம்பரங்களை நிலையம் தாராளமாக மறுக்கலாம். அங்கே மறுக்காததைக் கேளுங்கள், நியாயம். விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தது யார் என்பது எஃப்சிசி எனும் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் இணையதளத்தில் நிலையம் வாரியாகவே கிடைக்கிறது.