எண்ணெய் ஊற்றியது நீங்கள், தரை துடைத்தது நான்

தீபாவளிக்கு மறுநாள் காலை ஆறரை மணி. காப்பி போடலாம் என்று அடுப்படிக்குள் கால் வைத்தால் சதக் என்றது. தரையிலுள்ள வடிகால் ஓட்டையான ஃப்ளோர் டிராப் வழியாகச் சாம்பல் நிறத்தில் தண்ணீர் பொங்கிக்கொண்டிருக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம், நாலைந்து சோற்றுப் பருக்கை. எங்கள் வீட்டில் அன்று யாரும் குழாயே திறக்கவில்லை! மாமியார் மூலையில் வைத்திருந்த அரிசி மூட்டை அடியோடு நனைந்து போனது.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் இரண்டாம் மாடி, வீடுகள் இல்லாத திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்குக்கு நேர் மேலே. எங்களுக்கு மேலே பத்து மாடி. அத்தனை அடுப்படித் தண்ணீரும் எங்கள் சுவரை ஒட்டிய ஒரே குழாயில்தான் இறங்குகிறது. கீழே அடைத்தால் அது மேலே போகாது, முதலில் கிடைக்கிற ஓட்டை வழியாக வெளியே வரும். அந்த ஓட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது.

பதற்றத்தில் பிளம்பரைக் கூப்பிட்டேன். வந்தார், கம்பியை விட்டுக் குடைந்தார். "அக்கா, உங்க பைப் சுத்தமாத்தான் இருக்கு, அடைப்பு பெரிய பைப்ல" என்றார். 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போனது. புளோக்கின் பொதுக் குழாய், பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் பொறுப்பு. நம் வீட்டுக்குள் ஓடி அந்தக் குழாயில் போய்ச் சேரும் கிளைக்குழாய் மட்டும்தான் நம் தலையில். நீங்கள் தண்ணீர் திறக்காதபோதே தரையில் ஏறுகிறதா? அது பெரும்பாலும் பொதுக் குழாய்தான், முதல் போன் நகர மன்றத்துக்குப் போடுங்கள். உங்கள் சிங்கில் மட்டும் தண்ணீர் இறங்காமல் நிற்கிறதா? அப்போது பிளம்பர். இந்த இரண்டு வரியை வீட்டுச் சாவி கொடுத்த அன்றே யாராவது சொல்லியிருந்தால் என் பணம் மிஞ்சியிருக்கும்.

நகர மன்ற ஆட்கள் வந்து எடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும். மெழுகு மாதிரி வெள்ளை வெள்ளையாய் உறைந்த எண்ணெய்க் கட்டிகள். முறுக்கு சுட்ட எண்ணெய், அதிரசம் சுட்ட எண்ணெய்! மேல் மாடியில் நம் ஆட்கள்தான். கேட்கப் போனேன். "கொதிக்கிற தண்ணி ஊத்தித்தான் விட்டோம் அக்கா, அதெல்லாம் போயிடும்" என்றார் அந்த வீட்டுப் பெண். போகாது அம்மா! சூட்டில் இளகி உங்கள் வீட்டைத் தாண்டும், ஆறினதும் உறையும். உங்கள் கண்ணுக்குத்தான் போய்விட்டது.

"நாங்களும் பில் கட்டுறோம்ல?" என்றார் அவர் கணவர். எனக்கு ரத்தம் கொதித்தது இந்த இடத்தில்தான். ஆமாம், எல்லாரும் கட்டுகிறோம். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 40 கனமீட்டர் வரை ஒரு கனமீட்டர் தண்ணீருக்கு 3.24 வெள்ளி, அதில் 1.09 வெள்ளி கழிவுநீருக்கான வரி. மாதம் 15 கனமீட்டர் செலவழிக்கும் குடும்பம் அதற்கு மட்டும் 16.35 வெள்ளி கட்டுகிறது. ஆனால் அந்த வரி எதை அளக்கிறது? வீட்டுக்குள் வரும் தண்ணீரை. சிங்கில் கவிழ்க்கும் ஒரு சட்டி எண்ணெய் எந்த மீட்டரிலும் ஏறாது. ஊற்றியவருக்கும் ஊற்றாதவருக்கும் ஒரே கட்டணம். மிச்சச் செலவு என் அடுப்படித் தரையில்.

கழிப்பறைக் குழாயின் கதை இன்னொரு கொடுமை. குழந்தைக்குத் துடைக்கும் ஈரத்தாள், நாப்கின், எல்லாம் உள்ளே! 'ஃப்ளஷ் செய்யலாம்' என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதாம். டாய்லெட் பேப்பர் தண்ணீரில் கரைந்து சிதறும். ஈரத்தாள் துணி மாதிரி அப்படியே கிடக்கும், வருகிற குப்பையை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுக்குமாடியில் இல்லாமல் தனி வீட்டில் இருக்கும் தரைவீட்டுக்காரர்களும் தப்பவில்லை. அங்கே கடைசி ஆய்வுத் தொட்டி, அதாவது மூடியைத் திறந்து குழாயைப் பார்க்கும் தொட்டி, வரை வீட்டுக்காரர் பொறுப்பு, அதைத் தாண்டிய பொதுச் சாக்கடைதான் தண்ணீரையும் கழிவுநீரையும் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. என் மாமா அந்தத் தொட்டி மூடியின் மேலேயே கார் நிறுத்த டைல்ஸ் பதித்துவிட்டார். அடைத்த அன்று டைல்ஸை உடைத்துத்தான் மூடியைத் தேட வேண்டியிருந்தது.

கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் ஆழச் சுரங்கம் வெட்டி, பம்பு இல்லாமல் சரிவிலேயே கழிவுநீர் ஓடும்படி செய்திருக்கிறது இந்த நாடு. அந்தத் தண்ணீரைத்தான் சுத்திகரித்து நியூவாட்டராகத் திரும்பப் பயன்படுத்துகிறோம். அவ்வளவு பெரிய வேலையை நம் புளோக்கின் கையகலக் குழாயில் நாமே நிறுத்துகிறோம், ஒரு சட்டி எண்ணெயை ஆறவைக்கப் பொறுமை இல்லாமல்! ஆறட்டும், காலி பால் டின்னில் ஊற்றி மூடிக் குப்பையில் போடுங்கள். சட்டியில் ஒட்டியதைத் தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். ஐந்து நிமிட வேலை.

பொங்கலுக்கு வடை சுடுவீர்கள். அன்று காலையிலேயே நான் காலி டின்னோடு மேலே வருவேன், கதவைத் திறங்கள்.