ஒற்றை டிக்கும் ஊடலும்

சண்டையை வாட்ஸ்அப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள், நேரில் உட்கார்ந்து பேசுங்கள் என்று தம்பதியருக்கும் காதலருக்கும் அறிவுரை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அறிவுரை பெரும்பாலும் சரிதான் என்றாலும், கதவைச் சாத்திக்கொண்டு பேச எல்லோர் வீட்டிலும் ஓர் அறை இருக்கிறது என்ற நினைப்பில்தான் அது சொல்லப்படுகிறது. நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்களுக்காக ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்ட லயன் வீடுகளில் இருவர் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே பக்கத்து வீட்டில் டிவியின் சத்தம் குறைந்துவிடும். அடுப்படியில் மாமியார், கட்டிலில் பிள்ளைகள். அப்படிப்பட்ட வீட்டில் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு கைப்பேசியிலேயே சண்டை போட்டுத் தீர்க்கும் கணவன் மனைவியை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குக் கவலை தருவது வேறு வகைச் சண்டை. கணவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பார். மனைவி மலையில் இருப்பார். ஆடி மாதக் காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போய்விட்டால், டவரும் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அவர் கோபமாக அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கும். மழையால்தான் போய்ச் சேரவில்லை என்று அறிவுக்குத் தெரிந்தாலும், வேண்டுமென்றே போனை அணைத்துவிட்டாள் என்றே கோபம் சொல்லும். அந்தச் சந்தேகத்திலேயே மேலும் பத்துச் செய்திகள் போகும். மறுநாள் சிக்னல் வந்ததும், நேற்றே ஆறிப்போயிருக்க வேண்டிய கோபம் முழுவதும் அந்தப் பெண்ணின் கையில் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். நீல டிக் வந்த பிறகு பதில் வராவிட்டால் அது தனி வேதனை. அனுப்பியதை அழித்தாலும், அழித்ததற்கான அடையாளம் அங்கேயே நின்று, என்ன எழுதியிருப்பார் என்ற கேள்வியைக் கிளப்பும்.

எழுத்தில் தொனி போய்ச் சேராது என்பது நமக்குத் தெரியும். எவ்வளவு சேராது என்பதைத்தான் நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் எழுதுவது கிண்டலா நிஜமா என்பதைப் படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் சரியாகச் சொன்னது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைத்துவிடும். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் வரை சரியாகச் சொன்னார்கள். ஆகவே நேரில் வர முடியாதவர்கள், சிக்னல் கிடைத்தவுடன் போனிலாவது பேசிவிடுவது மேல் என்பது என் கருத்து.

எழுத்துக்கும் ஒரு நல்ல வேலை இருக்கிறது. சண்டையின் நடுவே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மனதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடமாவது விலகியிருக்க வேண்டும் என்று தம்பதியரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்கிறார். "இப்போது பேசினால் கத்திவிடுவேன், எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று அனுப்ப வாட்ஸ்அப்பை விட வசதியானது இல்லை. ஆனால் சொன்னபடி எட்டு மணிக்குக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் விட்டால் அது வெறும் தட்டிக்கழிப்பு. ஒரே வீட்டில் இருப்பவர்கள் தேயிலைக்காட்டு வழியில் கொஞ்ச தூரம் நடந்தபடி பேசலாம். லயனில் தனிமை கிடைக்காத பலர் இங்கே அப்படித்தான் செய்கிறார்கள் (யானை நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து).

நேரில் வாய் தவறி வந்த சொல்லை இருவரும் கொஞ்சம் மறந்து, கொஞ்சம் மாற்றி நினைவில் வைத்துக்கொள்வார்கள். சமாதானத்துக்கு அந்த மறதி பெரிய உதவி. எழுதியது தேதியோடும் நேரத்தோடும் கிடக்கும். அடுத்த சண்டையில் மேலே தள்ளித் தேடி எடுக்கப்படும். அண்ணிக்கு ஸ்கிரீன்ஷாட்டாகப் போகும். குடும்பப் பஞ்சாயத்தில் பெரியவர்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரவு பன்னிரண்டு மணிக் கோபத்தைப் பகல் வெளிச்சத்தில் வரிவரியாகப் படிப்பார்கள்.